நவம்பரின் முதல் ஞாயிறு

அமெரிக்கா தன் கடிகாரத்தை
ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருகி வைத்தது.
குலசேகரத்தில் எங்கள் வீட்டுச்
சோற்றுப்பானை நகர்ந்தது,
குளியல் நகர்ந்தது, வயிறு மட்டும்
பழைய இடத்திலேயே நின்று கூப்பிட்டது.

ஆறரைக்கு ஏறிய ஷிப்ட் இனி ஏழரைக்கு.
மார்ச் வரைக்கும் என்றது மெயில்,
கீழே ஒரு மஞ்சள் சிரிப்பு.
போன வாரம் வரை
மூன்றரைக்கு ஹெட்செட் கழற்றி வந்தால்
அஜிதா உறக்கம் கலையாமலே
சுவரோரம் ஒதுங்கி இடம் தருவாள்.
இப்போது நாலரை. அவள் எழுந்து
தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள்.
பாயில் அவள் விட்டுப்போன சூடு
ஐந்து நிமிடம் இருக்கும்.
அதற்குள் உறங்கிவிட வேண்டும்.
முடிந்ததில்லை.

கண்ணை மூடினால் ஓஹையோவின் ஒரு முழங்கால்.
மறுக்கப்பட்ட கிளெய்ம்,
திரும்ப அனுப்பி, திரும்ப மறுக்கப்பட்டது.
அந்த மனுஷி நடக்கிறாளா என்று
எந்தக் கட்டத்திலும் கேள்வி இல்லை.
ஜெனிஷ்ராஜ் ஆகிய நான் அங்கே ஜென்.
ஒரு ராத்திரிக்கு அறுபது முடிக்க வேண்டும் ஜென்.
ஐம்பத்தெட்டில் நின்ற அன்று
சென்னையிலிருந்து சுதர்சன் கூப்பிட்டான்,
நாலு எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னான்,
மிச்சம் இரண்டையும் முடிக்கச் சொன்னான்.

இரண்டாம் இடைவேளை,
எப்படியோ அது மட்டும் பழையபடி இரண்டரைக்கு.
பின்வாசலில் நிற்பேன்.
மழைக்கு முன்பு வரை
எதிர்த்தோட்டத்தில் ஒரு வெளிச்சம் நடக்கும்,
மரம் மரமாக நின்று, குனிந்து, நகர்ந்து.
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
றோஸ்லெட் பால்வெட்டுவாள், முந்நூற்றிருபது மரம்.
எண்ணத் தொடங்கி நாற்பதில் விடுவேன்,
உள்ளே போன் அடிக்கும்.
இப்போது சிரட்டைகளில்
பாலுக்குப் பதில் தண்ணீர்.
ஆனாலும் அவள் வீட்டில் விளக்கு.
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்:
வெட்டுதான் இல்லையே, உறங்கலாமே?

“எங்க ஒறங்க? வெட்டு இல்லேன்னாலும்
ரெண்டரைக்குக் கண்ணு தானா தொறக்கும்.
கெடந்தா வட்டிக்காரன் நெனவுதான் வரும்.
அதான் கத்தியத் தீட்டுகேன்.
பதினோரு நாளா தீட்டுகேன்.
இனியும் தீட்டுனா கத்தியே இருக்காது, கேட்டியளா.”

சிரித்தாள். நானும்.
மழை இரண்டு ஓட்டுக்கூரையிலும்
ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது.
கட்டன்சாயா ஆறிப்போயிருந்தது.
அதைக் குடித்துவிட்டு உள்ளே போய்
முழங்காலை மறுபடி அனுப்பினேன்.

மாத்திரை வேண்டாம் என்றார் மார்த்தாண்டத்து டாக்டர்.
ஒரே நேரத்துக்குப் படுங்கள்,
ஒரே நேரத்துக்கு எழுங்கள்.
எந்த ஊர் நேரம் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
பீஸைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதனால் நானே ஒரு ஆணி அடித்துக்கொண்டேன்.
ஏழேகால். அபிஷாவின் தலை.
உறங்கினாலும் உறங்காவிட்டாலும்
ஏழேகாலுக்கு என் முன்னால் அந்தச் சின்ன முதுகு.
வளைவில் நாகர்கோவில் பஸ் ஹாரன் அடிக்க
மூன்று கற்றை. இடது மேலே, வலது மேலே.
எண்ணெய்க் கையிலிருந்து
ஓஹையோ வழுக்கிப் போகிறது.
சில நாள் போவதில்லை.
வகிடு கோணலென்று
டீச்சர் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

இன்று சீப்பை வைத்து அழுத்தும்போது
என் நெற்றி அவள் தோளில் போய் இடித்தது.
“அப்பா, ஒறங்கிட்டியளா?”
இல்ல மக்களே, என்றேன்,
ரிப்பன் பல்லிடுக்கில் இருந்ததால்
அது வேறெதுவோ போலக் கேட்டது.
வெளியே மழை விட்டிருந்தது.
எதிர்த்தோட்டத்தில் யாரோ
சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத்
தண்ணீர் கொட்டும் சத்தம்.